இழுத்துப் பார்க்காத முடிச்சு

போன ஞாயிற்றுக்கிழமை காலை மருத்துவ மாணவர்கள் மூன்று பேர் வட்டகொடையில் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். சத்தம் கேட்டதும் யாரோ வீடு மாறி வந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஸ்டேஷனில் இறங்கி "ஒபரேஷன் டொக்டரம்மா வீடு எது?" என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். கேட்கத்தான் ஆளில்லை. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. முதல் மாதம் பழைய ஆஸ்பத்திரி ஆட்கள் நேரில் வந்தார்கள். பிறகு தொலைபேசியில் விசாரித்தார்கள். இப்போது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வாழ்த்துப் படம் அனுப்புகிறார்கள், எல்லோரும் ஒரே படத்தை.

வந்தவர்களில் பேசியது தர்ஷினி என்ற பெண். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, நான்காம் வருடம் படிக்கிறாள். கூட வந்த பையன்கள் இருவரும் அவள் பேச்சுக்குத் தலையாட்டுவதற்கென்றே வந்தவர்கள் போல இருந்தார்கள்.

"மேடம், நாங்க பியர் டீச்சிங் புரோகிராம் ஒண்ணு நடத்துறோங்க. சர்ஜரி படிக்க வர்ற ஜூனியர் பிள்ளைங்களுக்கு நாங்களே சொல்லிக் குடுக்கிறது. அதுக்கு மலர் ஒண்ணு போடுறோம். நீங்க ஒங்க அனுபவத்த எழுதித் தரணும்."

"எங்க காலத்துல அதுக்குப் பேரு குப்பி," என்றேன்.

"இப்பவும் குப்பிதான் மேடம். ஃபோர்ம் நெரப்புறப்ப மட்டுந்தான் பியர் டீச்சிங்."

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது. வெளியார் வாசிப்பதென்றால் சொல்லிவிடுகிறேன்: பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் சக மாணவர்களைக் கூட்டி உட்காரவைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தால் அது குப்பி. ஒரு காலத்தில் குப்பி விளக்கைச் சுற்றி உட்கார்ந்து படித்ததால் வந்த பெயர் என்பார்கள். இப்போது அதற்கு நேர அட்டவணை உண்டாம், வரவுப் பதிவு உண்டாம், முடிவில் சான்றிதழும் உண்டாம். பரவாயில்லை, எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் பிளேன்டீயும் விசுக்கோத்தும்தான்.

அவர்களுக்குத் தேநீர் போட்டபோதுதான் என் வீட்டில் இரண்டே கோப்பைகள் இருப்பது எனக்கே தெரிந்தது. மூன்றாவது பிள்ளைக்குத் தண்ணீர் குடிக்கும் கிளாஸில் கொடுத்துவிட்டு, நான் இப்போதுதான் குடித்தேன் என்று பொய் சொன்னேன். போகும்போது தர்ஷினி ஒரு தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவர்கள் ஜூனியர்களுக்குக் கொடுக்கும் தாள் அது: சத்திரசிகிச்சை முடிச்சுப் போடப் பழகுவோருக்கு ஏழு விதிகள். மூன்றாவது விதி இப்படி இருந்தது:

"முடிச்சு பிடிக்கிறதா என்று இழுத்துப் பார்க்க வேண்டியவர் கட்டியவர் அல்ல, கட்டச் சொல்லிக் கொடுத்தவர்."

அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகள் எதிர்பார்ப்பது வேறு மாதிரிக் கட்டுரையாக இருக்கலாம். அது என் குற்றமல்ல, வேறு குற்றம் இருக்கிறது.

நான் பிறந்தது வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில் ஒன்றில். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா ஃபெக்டரியில் வேலை செய்தார். படித்தேன், பாஸானேன், மருத்துவபீடத்துக்குப் போனேன். அந்தக் கதையை மேடைகளில் நிறையச் சொல்லியாயிற்று. கைதட்டும் வாங்கியாயிற்று. மேடைகளில் நான் சொல்லாதது ஒன்றுதான். அது கடைசி வருடத்தில் தொடங்கியது.

சத்திரசிகிச்சை வார்டில் எங்கள் குழுவில் ஏழு பேர். பேராசிரியர் காலையில் வருவார், கேள்வி கேட்பார், எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு போய்விடுவார். மிச்சத்தை நாங்கள்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விடுதியின் பொதுக் கூடத்தில் கூடுவோம். வயிற்றை எப்படித் தொட்டுப் பார்ப்பது என்று ஒருவன் காட்டுவான். எக்ஸ்ரே வாசிப்பது இன்னொருத்தி. முடிச்சுப் போடுவது நான். என் விரல்கள் அவ்வளவு வேகம். கறுப்பு நூலை நாற்காலிக் கையில் மாட்டி நான் கட்டுவதைப் பார்க்கப் பக்கத்துக் குழுப் பிள்ளைகளும் வருவார்கள். "குப்பி லெச்சுமி" என்று பெயரே வைத்துவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வந்த நாளிலிருந்து என்னை யாரும் எதற்கும் தேடியதில்லை. இங்கிலீஷ் பேசத் தயங்குகிறவளை, இரண்டே சட்டைகளை மாற்றி மாற்றிப் போடுகிறவளை எதற்காகத் தேடுவார்கள்?

அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று அப்போது நான் யாருக்கும் சொல்லவில்லை. பள்ளிக்கூட விடுமுறையில் அம்மாவோடு மலைக்குப் போவேன். கொழுந்துச் சாக்கின் வாயைக் கட்டுவது என் வேலை. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும்வரை அவிழக்கூடாது. தராசடியில் கணக்கப்பிள்ளை அவசரப்படுத்தும்போது ஒரே இழுவையில் அவிழ வேண்டும். அதற்கு இடது கையில் ஒரு கயிற்றை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, மற்றக் கயிற்றை அதன்மேல் இரண்டு சுற்றுச் சுற்றி இறக்கிவிடுவோம். பத்து வயதில் விரல் பழகியதை இருபத்தைந்து வயதில் மூளை வந்து மாற்றப் பார்த்தால் விரல் கேட்காது. நான் புத்தகத்தில் இருந்த முடிச்சைத்தான் கட்டுவதாக நினைத்துக்கொண்டேன். என் கை கட்டியது சாக்கு முடிச்சை.

சரியான முடிச்சுக்கு முதல் சுற்று ஒரு பக்கமாகப் போனால் இரண்டாவது சுற்று எதிர்ப்பக்கமாகப் போக வேண்டும். கைகள் ஒன்றையொன்று கடந்து, இரண்டு நூலும் சம பலத்தில் இழுபட்டு, முடிச்சு தட்டையாகப் படிய வேண்டும். ஒரு நூலை மட்டும் விறைப்பாகப் பிடித்தால் முடிச்சு பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அந்த நூல் வழியே வழுக்கும். நாற்காலிக் கையில் இது தெரியாது. காய்ந்த மரத்தில் எந்த முடிச்சும் பிடிக்கும்.

என் குப்பிக்கு வந்தவர்களில் எனக்கு நெருங்கிய தோழி கௌரி. யாழ்ப்பாணத்து ஆசிரியர் வீட்டுப் பிள்ளை. அவள் அப்பா சில வருடங்கள் ஹட்டனில் படிப்பித்தவர், அதனால் மலைநாட்டைப் பற்றி என்னைவிட அவளுக்கு நல்லபிப்பிராயம். அவள் என்னை "நீர்" என்பாள், நான் அவளை "நீ" என்பேன். இரண்டும் ஒரே அளவு நெருக்கம்தான். எல்லாவற்றிலும் கெட்டிக்காரி, முடிச்சில் மட்டும் மந்தம்.

"எனக்கு விரல் வருகுதில்லை. இன்னொருக்காக் காட்டும்," என்பாள்.

"இந்தக் கைய விட்டுறாத. இறுக்கிப் புடி. இப்ப அத சுத்து," என்று அவள் இடது கையைப் பிடித்து விறைப்பாக வைத்ததே நான்தான். மூன்று வாரத்தில் என்னைப் போலவே கட்டினாள். ஊசியளவு வித்தியாசம் இல்லை.

பரீட்சை முடிந்து பயிற்சி வைத்தியர்களாக எங்கள் இருவரையும் மலைநாட்டில் ஒரே ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சைப் பிரிவில் போட்டார்கள். இரண்டு பேரும் சந்தோஷத்தில் குதித்தோம். ஒரே அறை, ஒரே மேசையில் சாப்பாடு.

எங்கள் சத்திரசிகிச்சை நிபுணரை "சேர்" என்றே எழுதுகிறேன். கண்டிப் பக்கத்துச் சிங்களவர், மெலிந்த மனிதர், குரல் உயர்த்தியதை நான் கேட்டதில்லை. கை கழுவும்போது பேசமாட்டார், யாரும் பேசவும் கூடாது. நகம், விரலிடுக்கு, உள்ளங்கை, புறங்கை, பிறகு முழங்கை வரை. தண்ணீர் முழங்கையிலிருந்துதான் சொட்ட வேண்டும், விரலுக்குத் திரும்பி வரக்கூடாது. நோயாளிக்கு மயக்க மருந்து கொடுக்குமுன் தலைமாட்டில் போய் நின்று, தெரிந்த அரைகுறைத் தமிழில் "பயம் வேணாம், நான் இருக்கிறது" என்பார். அந்த இலக்கணத்துக்கு யாரும் சிரித்ததில்லை. யார் கட்டிய முடிச்சாக இருந்தாலும் இடுக்கியின் நுனியால் ஒரு தடவை மெல்ல இழுத்துப் பார்ப்பார்.

இரண்டாவது வாரம் என் முடிச்சை அப்படி இழுத்தார். வழுக்கியது. அவர் நூலை எடுத்துவிட்டு, "ஆயெத்," என்றார். சிங்களத்தில் "மறுபடி" என்று அர்த்தம். மறுபடி கட்டினேன். மறுபடி வழுக்கியது. அவரே கட்டினார். வேலை முடிந்து கையுறையைக் கழற்றும்போது இங்கிலீஷில் சொன்னார்: "டொக்டர், உங்கள் முடிச்சு நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்வரைதான் பிடிக்கும்."

கௌரி அன்று வார்டில் இருந்தாள். நடந்தது அவளுக்குத் தெரியாது.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு நூலை எடுத்து, பன்றி இறைச்சித் துண்டொன்றை எண்ணெயில் நனைத்துவைத்து, அதில் கட்டிப் பழகினேன். இடது கையைத் தளர்த்தப் பழக எனக்கு மூன்று வாரம் போனது. கௌரி இல்லாத நேரமாகப் பார்த்துப் பழகினேன். ஒரு வார்த்தை, "கௌரி, நான் சொல்லித் தந்தது பிழை," என்று சொல்லியிருந்தால் போதும். சாப்பாட்டு மேசையில் எத்தனையோ தடவை வாய்வரை வந்தது. சொன்னால் குப்பி லெச்சுமி போய்விடுவாள். அந்தப் பெயரை விட்டால் எனக்கு அங்கே என்ன இருந்தது? இப்போது சொல்லும்போது அற்பமாக இருக்கிறது. அப்போதும் அற்பம்தான், எனக்குத் தெரியவில்லை.

நான் திருத்திக்கொண்டு பத்து நாள் இருக்கும். மாரியாயி என்ற அம்மா வந்தார். நாற்பது வயது, கொழுந்து பறிக்கிறவர், குடல்வாலில் அழற்சி. இரண்டு நாள் வலியோடு மலைக்குப் போயிருக்கிறார். அன்று காலை கௌரியின் முறை. எங்கள் ஒபரேஷன் தியேட்டரில் இரண்டு மேசைகள். சேர் பக்கத்து மேசையில் பெரிய வயிற்று ஒபரேஷன் ஒன்றில் நின்றார். "நீங்கள் இரண்டு பேரும் செய்யுங்கள். நான் இங்கேதான் இருக்கிறேன்," என்றார். கௌரி செய்ய, நான் உதவியாள்.

கௌரி அழகாகச் செய்தாள். தோலை வெட்டி, தசையை நார்ப்போக்கில் பிரித்து, குடல்வாலை வெளியே எடுத்தாள். அதற்கு இரத்தம் கொண்டுபோகும் சின்ன நாடி ஒன்று கொழுப்புக்குள் ஓடும். அதைக் கட்டிவிட்டுத்தான் குடல்வாலை வெட்ட வேண்டும். நூலை வாங்கினாள். இடது கையை விறைப்பாக வைத்தாள். அந்தக் கையை அப்படி வைத்தது நான். முதல் சுற்று இறங்கியது. இரண்டாவது சுற்று, கை கடக்காமல், அதே பக்கமாக.

"மாத்திக் கட்டு" என்று இரண்டு வார்த்தை. சொன்னால் பக்கத்து மேசையில் சேருக்குக் கேட்கும். ஏன் என்று கேட்பார். கௌரி என் பெயரைச் சொல்வாள். நான் சொல்லவில்லை. மூன்றாவது சுற்றும் போட்டாள், பிடிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நூலை வெட்டுவது உதவியாளின் வேலை. கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டியது நான்தான்.

கௌரி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முகமூடிக்கு மேலே கண் சிரித்தது.

பின்னேரம் இரண்டு மணிக்கு வார்டிலிருந்து கௌரி ஓடிவந்தாள். "லெச்சுமி, அந்த அம்மான்ர நாடித்துடிப்பு ஏறுது. உதடு வெளுத்துப்போச்சு. வாரும்." போய் வயிற்றில் கை வைத்தேன். உப்பியிருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.

மறுபடி அதே மேசை. சேர் வயிற்றைத் திறந்ததும் இரத்தம் விளிம்புவரை வந்து நின்றது. வெளியே தோட்டத்து லொறியில் வந்த சனங்கள் இரத்தம் கொடுக்கக் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சேர் அவசரப்படவில்லை. இரத்தக்கட்டிகளை அள்ளி எடுத்தார். அடியில் அந்த நாடி வெறுமையாகத் துடித்துக்கொண்டிருந்தது. அதை இடுக்கியால் பிடித்தார். கட்டிகளோடு வந்திருந்த நூல் வளையத்தைத் தேடி எடுத்துப் பச்சைத் துணிமேல் வைத்தார். ஒரு நுனியை மெல்ல இழுத்தார். வளையம் குலைந்து நூல் நேராகிவிட்டது.

"யார் கட்டியது?"

"நான், சேர்," என்றாள் கௌரி.

"யார் சொல்லித் தந்தது?"

இதே முடிச்சை ஒரு மாதத்துக்கு முன் அவர் தன் கையாலே அவிழ்த்தவர். அவருக்கு விடை தெரியும். அவர் கேட்டது கௌரியிடம் அல்ல. எனக்கு வாய் இருந்தது, முகமூடிக்குள் அது திறந்துகூட இருந்தது.

கௌரி என் பக்கம் திரும்பவில்லை. "நானே பழகினது, சேர்," என்றாள்.

சேர் என்னைப் பார்த்தார். பிறகு தாதியிடம் நூலை வாங்கி என்னிடம் நீட்டினார். "நீங்கள் கட்டுங்கள்."

கட்டினேன். முதல் சுற்று. கைகள் கடந்தன. இரண்டாவது சுற்று எதிர்ப்பக்கமாக, தட்டையாக. மூன்றாவது. கௌரி எதிரே நின்று காயத்தை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்குச் சொல்லித் தந்தது ஒன்று, நான் கட்டுவது வேறொன்று என்பதை விளங்கிக்கொள்ள அவளுக்கு மூன்று சுற்றுப் போதும். சேர் இடுக்கி நுனியால் இழுத்துப் பார்த்தார். முடிச்சு அசையவில்லை.

மாரியாயி பிழைத்துக்கொண்டார். மூன்று வாரம் வார்டில் கிடந்தார். தையல் வெட்டிய அன்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம தோட்டத்துப் புள்ள கை பட்டதாலதான் நான் பொழச்சேன் தாயி. அந்த யாழ்ப்பாணத்துப் புள்ளதானாமே மொத தடவ ஏடாகூடமாப் பண்ணிருச்சு?"

யார் சொல்லியிருப்பார்களோ, வார்டில் எதுவும் மறைவதில்லை. நான் அவருடைய சேலைன் போத்தலைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

கௌரி என்னோடு சண்டை போடவில்லை. ஒரே மேசையில்தான் சாப்பிட்டோம். நாலைந்து நாள் கழித்து வார்டு நடையில் வைத்து ஒருமுறை கேட்டாள். "உமக்கு என்னட்டை ஏதும் சொல்லக் கிடக்கோ?"

"பத்தாம் கட்டில் காயத்தப் பாக்கணும்," என்று சொல்லிவிட்டு நடந்தேன். பத்தாம் கட்டிலில் அன்று ஆளே இல்லை.

அவளுக்கு மறுபடி ஒபரேஷன் செய்ய சேர் சந்தர்ப்பம் கொடுத்தார். அவள் வேண்டாம் என்றாள். உதவியாளாக நின்றாள், காயம் கட்டினாள், நூலைத் தொடவில்லை. பயிற்சி முடிந்ததும் யாழ்ப்பாணம் போனாள். உடற்கூற்றியல் படிப்பிக்கச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். எங்கள் ஏழு பேரில் சிறந்த சத்திரசிகிச்சை நிபுணராக வந்திருக்க வேண்டியவள் அவள். இதை நான் தாழ்மைக்காகச் சொல்லவில்லை.

மேற்படிப்புக்கு எனக்கு சேரின் சிபாரிசுக் கடிதம் தேவைப்பட்டது. கேட்டதும் எழுதித் தந்தார். உறையை நீட்டிக்கொண்டே சொன்னார்: "உங்கள் கைகள் நல்ல கைகள், டொக்டர். கைகளைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறேன்."

அந்தக் கடிதத்தில்தான் என் தொழில் தொடங்கியது. முப்பது வருடத்துக்கு மேல் இந்த மலைகளில் வெட்டித் தைத்தேன். என் முடிச்சு ஒன்றும் பிறகு அவிழவில்லை. ஆனால் குப்பி போடவில்லை. யாருக்கும் எதையும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. என் வார்டில் பிள்ளைகள் மூலையில் கூடி நூல் கட்டிப் பழகிக்கொண்டிருப்பார்கள். நான் கடந்து போவேன். யாருடைய இடது கையாவது விறைப்பாக இருந்தால் மட்டும் நின்று, அந்த முடிச்சை இழுத்து அவிழ்த்து, "ஆயெத்" என்று சொல்லிவிட்டுப் போவேன். ஏன் என்று விளக்கியதில்லை. "ஆயெத் மேடம்" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். குப்பி லெச்சுமி போய் அதுதான் மிஞ்சியது. தேநீர் இடைவேளையில் நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். கல்யாணம் ஏன் செய்யவில்லை என்று கேட்பவர்களுக்கு நேரமில்லை என்பேன். பொய்தான். பக்கத்தில் ஒருத்தி இருந்தபோதே ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவள், ஆயுசு முழுக்க ஒருவரோடு எப்படிப் பேசிக்கொண்டிருப்பது?

இப்போதும் காலையில் எழுந்ததும் குசினிக் குழாயடியில் முழங்கை வரை கழுவுகிறேன். கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு திரும்பினால் துணி நீட்ட யாரும் இல்லை. முன்னறையில் இருக்கிற ஒரே நாற்காலியின் கையில் கறுப்பு நூல் கொத்தாகத் தொங்குகிறது. தர்ஷினி அதைப் பார்த்துவிட்டு, "மேடம் இன்னும் பிராக்டிஸ் பண்றீங்களா?" என்று கேட்டாள். வேறென்ன செய்ய?

அவர்கள் போன மறுநாள் அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அந்த மூணாவது விதி யாரு எழுதுனது?"

"அது எங்களுது இல்ல மேடம். எங்களுக்கு மேல ஒரு அண்ணா சொல்லிக் குடுத்தது. அவரு யாழ்ப்பாணத்துல படிச்சவரு. அங்க அனாட்டமி படிப்பிச்ச கௌரி மேடம் முதல் நாளே சொல்லுவாங்களாம். ஏன்னு யாருக்கும் தெரியாதாம். நம்பர் வேணுமா?"

நம்பர் மூன்று நாள் மேசையில் கிடந்தது. வியாழக்கிழமை காலை, பதுளை ரயில் போய் வீடு அடங்கியதும் எடுத்தேன்.

"ஆர் கதைக்கிறது?" குரல் கொஞ்சம் தடித்திருந்தது. மற்றபடி அதேதான்.

"லெச்சுமி." பிறகு, "குப்பி லெச்சுமி," என்றேன்.

"ஓம்," என்றாள். அவ்வளவுதான். எப்படி இருக்கிறீர் என்று கேட்கவில்லை. நான் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. "நீ" என்று வாய் வரவில்லை.

"நான் சொல்லிக் குடுத்த முடிச்சு பிழைங்க. அது எனக்கு முன்னாடியே தெரியும். நான் மாத்திக்கிட்டேன், ஒங்களுக்குச் சொல்லல. நீங்க கட்டுறப்பவும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நூல வெட்டுனது நான்."

"தெரியும். நீர் திரும்பக் கட்டேக்க பாத்தனான்தானே."

"அப்ப ஏன் சேர்கிட்ட சொல்லல? சொல்லிக் குடுத்தவங்கதான் இழுத்துப் பாக்கணும்னு புள்ளைங்களுக்கு ஏன் சொன்னீங்க?"

"உம்மட வாயால வரும் எண்டு நினைச்சன்," என்றாள். "பிறகு பிள்ளையளுக்கு அந்த விதியைச் சொல்லத் தொடங்கினன். இவ்வளவு வருஷத்தில ஒருத்தரும் வந்து, இது ஏன் மிஸ் எண்டு கேக்கேல்லை. நீர்தான் முதல்."

மன்னித்துவிடு என்று கேட்க நினைத்தேன். அதைச் சொன்னால் பதில் சொல்லும் சுமையும் அவள் தலையில்தான் விழும். "மலருக்குக் கட்டுரை கேட்டுருக்காங்க. இத எழுதட்டுமா?" என்றேன்.

"எழுதும். எழுதுறதெண்டால் பேரைப் போட்டு எழுதும். என்ர பேரை இல்லை, உம்மட பேரை." பிறகு, "வைக்கிறன், உலையில அரிசி கிடக்கு," என்றாள்.

திரும்ப எடுக்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. எடு என்று நானும் கேட்கவில்லை. ஆனால் தர்ஷினி, அடுத்த முறை நீங்கள் வரும்போது வீட்டில் கோப்பைகள் இருக்கும். தலவாக்கலைக்குப் போய் ஆறு வாங்கி வந்துவிட்டேன். உங்கள் மூன்றாவது விதி ஏன் வந்தது என்று இனிக் கேட்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டுரையைக் காட்டுங்கள்.

இதில் மாரியாயி என்பது அந்த அம்மாவின் உண்மையான பெயரல்ல. கௌரி என்பதும் என் தோழியின் உண்மையான பெயரல்ல. லெச்சுமி என் உண்மையான பெயர்.